இறையிலியும் நீதிமன்றமும்

மட்டாஞ்சேரியில் யூதத் தெரு என்று ஒரு தெரு உண்டு. மிளகு, சுக்கு, ஏலம், சாதிக்காய் ஆகியவற்றின் மணம் கலந்து வீசும் அத்தெருவின் கோடியில், 1568ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி யூதர்களின் வழிபாட்டில்லம் நிற்கிறது. ஊரார் அதனை யூதப் பள்ளி என்பர். கொச்சியைக் காண வரும் உறவினரையும் நண்பரையும் நாம் தவறாது அங்கே அழைத்துச் செல்கிறோம். நீலப் பூ வேலைப்பாடமைந்த சீனத்து ஓடுகளையும் தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் கண்டு வியந்துவிட்டு, வெளியே வந்து சுக்குப் பொட்டலத்துக்கு விலை பேசுவதோடு அவர்கள் யாத்திரை முடிந்துவிடுகிறது. அவ்வில்லத்தார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செப்பேடுகளைப் பற்றிக் கேட்பவர் சிலரே. அவை ஒரு வரிவிலக்கு ஆவணம் என்பதை அறிந்தவர் அவரினும் சிலர்.

கி.பி. 1000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டில், அதாவது கொடுங்கல்லூரில், வீற்றிருந்தபோது ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து; வடசொற்களுக்கு மட்டும் கிரந்தம். மொழி பழைய மலையாளம் என்பர் அறிஞர். ஆயினும் கல்வெட்டுத் தமிழில் பழகியவர் சற்றே முயன்றால் பொருள் கொண்டுவிடலாம். பல்லக்கு, குடை, பகல்விளக்கு, பாவாடை, தோரணம் முதலிய சிறப்புகளோடு, உல்கும் துலாக்கூலியும், அதாவது சுங்கமும் நிறுவைக் கட்டணமும், அவனுக்கு விடப்பட்டன. நகரத்தில் வாழும் ஏனைய குடிகள் அரண்மனைக்கு இறுக்கும் இறையை இவன் இறுக்க வேண்டுவதில்லை; ஆனால் அவர்கள் பெறும் பயன்கள் அனைத்தையும் இவனும் பெறுவான். உலகும் திங்களும் உள்ளளவும் அவன் வழியினர் இவ்வுரிமையைத் துய்ப்பர். வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளின் தலைவர்கள் இதற்குச் சான்றாளர். 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இஸ்ரேலுக்குச் சென்றபோது, இச்செப்பேடுகளின் மறுபடி ஒன்றை அந்நாட்டுப் பிரதமருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதை நேயர்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சாசனத்தில் ஒரு சொல் மிகவும் இனிக்கும். மன்னன் கொடுத்தவை எழுபத்திரண்டு 'வீடுபேறு' என்று அது கூறுகிறது. இன்று தமிழில் வீடுபேறு என்றால் மறுமையில் கிட்டும் முத்தி. அன்று அது இம்மையிலேயே கிட்டிய விடுதலைகளைக் குறித்தது. வரி கட்டுவோருக்கு இரண்டும் ஒன்றே என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இன்றைய மலையாளத்தில் இதே பொருளுக்கு 'இளவு' என்பர். தமிழகத்திலிருந்து புதிதாக இங்கே வேலைக்கு வந்த நம்மவர் ஒருவர், கோப்பின் மேலட்டையில் 'நிகுதி இளவு' என்று எழுதியிருப்பதைப் பிறர் படிக்கக் கேட்டு, யார் வீட்டில் இழவு என்று பதறியதை நாம் நேரில் கண்டோம். வரிவிலக்கு, வரித் தள்ளுபடி, வரிக் குறைப்பு என மூன்று சொற்களை நாம் ஆள்கிறோம், மூன்றும் ஒன்றல்ல. வரி விழவே விழாதது விலக்கு. விழுந்த வரியை விட்டுவிடுவது தள்ளுபடி. விழும் அளவைச் சுருக்குவது குறைப்பு.

செப்பேட்டில் இல்லாத ஒரு சொல்லும் உண்டு. அது 'ஏன்' என்பது. ரப்பானுக்கு இவ்விலக்கு ஏன் அளிக்கப்பட்டது, அவனுடைய அண்டை வீட்டானுக்கு ஏன் அளிக்கப்படவில்லை என்று சாசனம் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. கொடை மன்னனுடையது. அதற்கு முன்பே 849ஆம் ஆண்டில், வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டிலும் பல வரிகள் விடப்பட்டன. அங்கும் இதே நிலை. தமிழகத்துக் கல்வெட்டுகளில் தேவதானம், பிரமதேயம், பள்ளிச்சந்தம் என்று எத்தனை இறையிலிகள்! ஆனால் நம் சபைகள் ஒன்றை நன்கு அறிந்திருந்தன. ஒரு நிலம் இறையிலியானால் அதன் இறை மாயமாகிவிடுவதில்லை. ஊரில் எஞ்சியவர் தலையில் அது ஏறும். ஆகையால் சோழர் காலத்துச் சபையார், நிலத்தை இறையிலியாக விற்கும்போது விலையோடு 'இறைத்திரவியம்' என்று ஒரு தொகையையும் பெற்றுக்கொண்டு, அதிலிருந்து அந்நிலத்தின் இறையைத் தாமே செலுத்தினர். ஒருவனுக்கு அளிக்கும் விலக்கு மற்றவனுக்கு ஏற்றும் சுமை என்னும் இவ்வுண்மையே, ஆயிரம் ஆண்டு கழித்து நீதிமன்றங்கள் இத்துறையில் புகுவதற்கு அடிப்படையாயிற்று.

இடைக்காலத்துக் கொச்சியின் நிலை விசித்திரமானது. மட்டாஞ்சேரி கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. நடந்தே செல்லக்கூடிய தூரத்தில் உள்ள கோட்டைக் கொச்சியோ, சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்த ஆங்கிலேயப் பகுதி. அங்கே 1866ஆம் ஆண்டிலேயே நகராட்சி ஏற்பட்டது. மட்டாஞ்சேரிக்கு 1896இல்தான் நகரசபை வந்தது. ஒரே உப்புக்காற்று வீசும் இரு பகுதிகளில் இருவேறு வரிகள், இருவேறு விலக்குகள். கோட்டைக் கொச்சியில் செல்லுபடியான 1920ஆம் ஆண்டுச் சென்னை ஜில்லா நகராட்சிச் சட்டம், வழிபாட்டிடங்களையும் கல்விக்குப் பயன்படும் கட்டடங்களையும் வாடகை வாங்காத சத்திரங்களையும் சொத்து வரியிலிருந்து விலக்கியது. வாடகை வாங்கும் சத்திரமாயினும், அப்பணம் முழுவதும் அறத்துக்கே செலவானால் அதற்கும் விலக்கு உண்டு. சத்திரத்தை மறவாமல் சட்டத்தில் எழுதிவைத்தது நம் நாட்டு வழக்கத்துக்கு ஆங்கிலேயர் காட்டிய மரியாதை எனலாம்.

இங்கே 'ஏன்' என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விடை எழுதப்பட்டுவிட்டது: வழிபாடு, கல்வி, அறம். ஆனால் அதிகாரி அவ்விடையைப் புறக்கணித்தால் யாரிடம் முறையிடுவது? மாகாணத் தலைநகரங்களில் இருந்த உயர் நீதிமன்றங்களின் கைகள் கட்டப்பட்டிருந்தன. வருவாய் பற்றிய விஷயங்களில் அவை நேரடி விசாரணை அதிகாரம் செலுத்தலாகாது என்ற தடை, கம்பெனி ஆட்சிக்காலத்தில் 1781ஆம் ஆண்டுச் சட்டத்தில் தோன்றி, 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டம் வரையில் தொடர்ந்தது. போதாக்குறைக்கு, பர்லாக்கிமிடி ஜமீன் குடிகளின் வழக்கில் 1943ஆம் ஆண்டு லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பு அளித்தது. சென்னை நகர எல்லைக்கு வெளியே நடந்த வருவாய் அதிகாரிகளின் முடிவுகளை ரிட் ஆணையால் திருத்தும் அதிகாரம், அந்த வழக்கின் நிலையில், சென்னை உயர் நீதிமன்றத்துக்கு இல்லை என்பது அதன் சாரம். கோட்டைக் கொச்சியில் இருந்த வரிசெலுத்துவோனுக்கு ரிட் என்பது சென்னைக் கடற்கரையில் தெரியும் ஒரு விளக்கு. அதன் ஒளி அவன் வீட்டை எட்டாது. மன்னராட்சியில் இருந்த மட்டாஞ்சேரிக்காரனோ அவ்விளக்கைப் பார்க்கவும் இயலாதவன்.

1950 ஜனவரி 26இல் நிலை மாறியது. அரசியலமைப்பின் 226ஆம் விதி, எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் தத்தம் எல்லை முழுவதிலும் ரிட் ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை அளித்தது. வருவாய் விஷயங்களில் இருந்த பழைய தடையை 225ஆம் விதி நீக்கியது. 14ஆம் விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்றது. திருவிதாங்கூர்-கொச்சி உயர் நீதிமன்றம் 1949ஆம் ஆண்டிலேயே எர்ணாகுளத்தில் தொடங்கப்பெற்றிருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில் அது கேரள உயர் நீதிமன்றமாயிற்று. மன்னர் காலத்து இராம மோகன் அரண்மனையில் அம்மன்றம் நடைபெற்றது. 2006ஆம் ஆண்டில் பக்கத்திலேயே எழுந்த புதிய மாளிகைக்கு மாறியது. மட்டாஞ்சேரித் துறையில் படகேறி, காயலைக் கடந்து, மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருவன் அரண்மனைக்குள் நுழைந்து அரசாங்கத்தை 'ஏன்' என்று கேட்கலாம் என்ற நிலை அன்றுதான் பிறந்தது.

அக்கேள்வியை முழுமையாக எழுப்பிய வழக்கு, மட்டாஞ்சேரியிலிருந்து அன்று. பாலக்காட்டுப் பகுதியின் காடுகளிலிருந்து வந்தது. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

திருவிதாங்கூரில் 1946ஆம் ஆண்டில், திவான் சர். சி. பி. இராமசாமி ஐயர் காலத்தில், பழைய நிலவரி முறைகளை அகற்றிவிட்டு எல்லா நிலத்துக்கும் ஒரே 'அடிப்படை வரி' என்னும் முறையைக் கொணர்ந்தனர். அம்முறையை ஒட்டி 1955ஆம் ஆண்டில் திருவிதாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம் இயற்றப்பட்டது. குறைந்ததும் ஒரே சீரானதுமான வரி என்பது அதன் நோக்கவுரை. ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு இரண்டு ரூபாய். நஞ்சையா, புஞ்சையா, காடா, கரம்பா என்ற கேள்வி இல்லை. கேரளம் உருவான பின், 1957ஆம் ஆண்டுத் திருத்தத்தால் இச்சட்டம் மலபார்ப் பகுதிக்கும் நீட்டிக்கப்பட்டது. முன்பு சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த அப்பகுதியில் பரந்த காடுகளை உடைய குன்னத்தாட்டுத் தாத்துண்ணி மூப்பில் நாயரும் பிறரும் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 1949ஆம் ஆண்டுச் சென்னைத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம் காட்டில் மரம் வெட்டவும் அவர்கள் அனுமதி பெற வேண்டியிருந்தது. ஒரு மனுவில் கூறப்பட்ட கணக்கு இது: காட்டிலிருந்து ஆண்டு வருமானம் 3,100 ரூபாய், கட்ட வேண்டிய வரி ஏறத்தாழ 54,000 ரூபாய்.

இந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வாதமே வேண்டாம் என்று தோன்றும். அரசாங்கமும் இக்கொடுமையை உணராமல் இல்லை. அதற்கு மருந்தாகச் சட்டத்தின் ஏழாம் பிரிவு இருந்தது: எந்த நிலத்தையும் அரசாங்கம் அறிவிப்பின் மூலம் வரியிலிருந்து விலக்கலாம். கஷ்டப்படுவோர் விண்ணப்பித்தால் சர்க்கார் கருணை காட்டும் என்பது கருத்து. ஜோசப் ரப்பானின் செப்பேட்டுக்கும் இந்த ஏழாம் பிரிவுக்கும் இடையே ஒன்பதரை நூற்றாண்டு கழிந்திருந்தும், இரண்டின் உள்ளமும் ஒன்றே என்பதை நேயர்கள் கண்டுகொண்டிருப்பர்.

1960 டிசம்பர் 9ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா தம்மோடு உடன்பட்ட நீதிபதிகளுக்காகவும் எழுதினார். வரிச்சட்டமாயினும் அது சமத்துவ விதிக்குக் கட்டுப்பட்டதே. விளைச்சல் மிக்க நிலத்துக்கும் விளையாத நிலத்துக்கும் ஒரே வரி என்பது மேலுக்குச் சமமாகத் தோன்றினும், உண்மையில் சமமற்றவர்களைச் சமமாக நடத்தும் ஏற்றத்தாழ்வே. அளக்காத நிலத்துக்குத் தற்காலிகமாக வரி விதிக்கச் சட்டம் இடந்தந்தது. ஆனால் உடையவனுக்கு அறிவிப்பு அனுப்பவோ, அவன் சொல்வதைக் கேட்கவோ, அவன் மேல்முறையீடு செய்யவோ வழி வகுக்கவில்லை. ஏழாம் பிரிவோ, எந்தக் கொள்கையும் கூறாமல், கரையில்லாத வெள்ளம்போன்ற அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுத்தது. வேண்டியவரைப் பொறுக்கி விலக்களிக்கவும் வேண்டாதவரை விட்டுவிடவும் அது இடந்தரும். ஆகவே சட்டம் செல்லாது என்று முடிவாயிற்று.

நீதிபதி ஏ. கே. சர்க்கார் மட்டும் மாறுபட்டார். ஒரே வகைப் பொருளுக்கு ஒரே வரி விதிப்பது சமத்துவத்துக்கு முரணாகாது; வருமானத்தை விட வரி மிகுதி என்பதாலேயே சட்டம் வீழ்ந்துவிடாது என்பது அவர் நோக்கு. இதனை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. வரியின் அளவை நிர்ணயிப்பது மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் வேலை; ஒவ்வொரு வரியையும் நீதிபதிகள் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தால் ஆட்சி நடவாது. உச்ச நீதிமன்றமே பின்னர் 1970ஆம் ஆண்டில், டுவைஃபோர்டு தேயிலைக் கம்பெனியின் வழக்கில், கேரளத் தோட்டங்களுக்கு ஏக்கர் கணக்கில் விதித்த ஒரே சீரான வரியைச் செல்லும் என்றது. சீரான விகிதம் என்பதாலேயே வரி கெட்டுவிடுவதில்லை என்று தெளிவாயிற்று. ஆனால் ஏழாம் பிரிவைப் பற்றிய கருத்து அழியாமல் நின்றது. விகிதத்தில் நீதிமன்றம் விட்டுக்கொடுத்தது. கருணையின் பெயரால் நடக்கும் பாரபட்சத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நம் கருத்தில் இதுவே சரியான எல்லைக்கோடு. வரி மிகுதி என்று குடிமகன் முணுமுணுத்துவிட்டுக் கட்டிவிடுவான்; எதிர்வீட்டுக்காரனுக்கு மட்டும் காரணமின்றி விட்டார்கள் என்றால் அவன் மனம் ஆறாது.

நிலத்திலிருந்து கட்டடத்துக்கு வருவோம்; மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான ஊருக்கு அதுவே முக்கியம். 1961ஆம் ஆண்டில் கேரளக் கட்டட வரிச் சட்டம் வந்தது. தளப்பரப்பு ஒன்றையே அது அளவுகோலாகக் கொண்டது. கட்டடம் எங்கே இருக்கிறது, எதனால் கட்டப்பட்டது, எதற்குப் பயன்படுகிறது, என்ன ஊதியம் தரும் என்பவற்றைச் சட்டம் கேட்கவில்லை. இவ்வூர்க் காயலோரத்தில் பண்டகசாலைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஓடு வேய்ந்து, சுவர் பூத்து, பாதி இடம் காலியாகக் கிடக்கும் பழைய மிளகுக் கிடங்கு பரப்பில் பெரியது. கடைத்தெருவில் புதிதாக எழுந்த கட்டடம் பரப்பில் சிறியது, வாடகையிலோ பெரியது. பரப்பை மட்டும் அளந்தால் கிடங்குக்கே வரி கூடும். உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை வீழ்த்தியது. அரசு மேல்முறையீடு செய்தது; ஹாஜி குட்டி நஹா வழக்கு என்று வழங்கும் தீர்ப்பில் 1968ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றம் கூறியதே சரி என்றது.

இதற்கிடையே 1967 நவம்பர் முதல் நாள் மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சி, எர்ணாகுளம் ஆகிய நகராட்சிகள் இணைந்து கொச்சி மாநகராட்சியாயின. பழைய எல்லைக்கோடு மறைந்தது. 1975ஆம் ஆண்டில் புதிய கேரளக் கட்டட வரிச் சட்டம் இயற்றப்பட்டு, 1973 ஏப்ரலிலிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் செலுத்தும் சொத்து வரி வேறு. இது கட்டி முடித்ததும் மாநில அரசுக்கு ஒரு முறை செலுத்தும் வரி. முதலில் கட்டடத்தின் மூலதன மதிப்பைக் கொண்டு கணக்கிட்டனர். 1992 பிப்ரவரி முதல் மீண்டும் பரப்பளவுக்கே திரும்பினர். ஆனால் இம்முறை ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றும், குடியிருப்பு, பிற கட்டடம் என்றும் பாகுபாடு செய்தனர். முன்பு பட்ட அடி வீண்போகவில்லை.

இச்சட்டத்தின் மூன்றாம் பிரிவே நம் மக்கள் பெரிதும் அறிந்துகொள்ள வேண்டியது. முதன்மையாகச் சமயம், அறம், கல்வி ஆகியவற்றுக்குப் பயன்படும் கட்டடத்துக்கு வரி இல்லை. அறம் என்பதில் ஏழைகளுக்கு உதவுவதும் இலவச மருத்துவமும் அடங்கும். ஒரு கட்டடம் இவ்வகையைச் சேர்ந்ததா என்ற ஐயம் எழுந்தால், தாசில்தார் தாமே முடிவு செய்தலாகாது. அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டும். அரசாங்கம் சம்பந்தப்பட்டவர்கள் தம் கட்சியைச் சொல்ல வாய்ப்பளித்த பின்னர் முடிவு கூற வேண்டும். அம்முடிவு இறுதியானது, எந்த நீதிமன்றத்திலும் அதனை எதிர்த்துக் கேட்கலாகாது என்றும் சட்டம் சொல்கிறது.

'இறுதியானது' என்ற சொல்லைப் படித்து மனந்தளர்ந்து மனுவைக் கிழித்தெறிந்தவர்கள் உண்டு. அது தவறு. சாதாரணச் சட்டம் ஒன்று, அரசியலமைப்பு அளித்த 226ஆம் விதியின் அதிகாரத்தைப் பறிக்க இயலாது. அவ்வதிகாரம் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று, சந்திரகுமார் வழக்கில் 1997ஆம் ஆண்டு ஏழு நீதிபதிகள் அடங்கிய ஆயம் தீர்ப்பளித்தது. ஆயினும் ரிட் மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் வேற்றுமை உண்டு. மேல்முறையீட்டு மன்றம் 'நான் இவ்விடத்தில் இருந்தால் என்ன முடிவு செய்வேன்' என்று கேட்கும். ரிட் மன்றம் அவ்வாறு கேட்பதில்லை. சட்டம் தந்த அதிகாரத்துக்குள் நின்றாரா, எதிர்த்தரப்பைக் கேட்டாரா, பார்க்க வேண்டிய ஆவணத்தைப் பார்த்தாரா, பார்க்கத் தகாததைப் பார்த்தாரா, காரணம் எழுதினாரா என்று முடிவு எடுத்த முறையை ஆராயும். முறை பிசகியிருந்தால் ஆணையை நீக்கி, மீண்டும் விசாரிக்கும்படி அதே அதிகாரியிடம் திருப்பியனுப்பும். பெரும்பாலும் அவ்வளவே. நீதிமன்றம் சென்றால் வரி போய்விடும் என்று எண்ணிச் செல்வோர் ஏமாற்றமடைவதற்கு இதுவே காரணம். இன்னும் ஒன்று: பக்கத்துக் கட்டடத்துக்குச் சட்டவிரோதமாக விலக்களித்தார்கள், எனக்கும் கொடுங்கள் என்று கேட்டால் மன்றம் செவிசாய்க்காது. ஒருவருக்குச் செய்த தவற்றை மற்றவருக்கும் செய்யும்படி சமத்துவ விதி கட்டளையிடுவதில்லை என்று, சண்டிகர் நிர்வாகத்துக்கும் ஜக்ஜித் சிங்குக்கும் இடையே நடந்த வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

முறையை மட்டுமன்றிச் சட்டச் சொல்லின் பொருளையும் மன்றம் ஆராயும். 2021 மார்ச் முதல் நாள் வந்த ஒரு தீர்ப்பு இதற்கு நல்ல சான்று. கன்னிமாடங்களில் கன்னியர் சமயப் பயிற்சி பெற்றுத் தங்கும் கட்டடங்களுக்கும், கல்வி நிலையங்களை ஒட்டிய மாணவர் விடுதிகளுக்கும் மூன்றாம் பிரிவு விலக்கு உண்டா என்பது கேள்வி. அவை குடியிருப்புகளே, வழிபாடும் பாடமும் வேறிடத்தில் நடக்கின்றன என்றது அரசுத் தரப்பு. வரிவிலக்கில் ஐயம் எழுந்தால் அரசுக்குச் சாதகமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று 2018ஆம் ஆண்டில் ஐந்து நீதிபதிகள் கூறிய விதியும் அதற்குத் துணையாக இருந்தது. ஆனால் நீதிபதிகள் நாரிமனும் கவாயும், ஒரு நற்பணியை ஊக்குவிக்கவே அளிக்கப்பட்ட விலக்கை அந்நோக்கம் நிறைவேறும் வகையில்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று கூறி, விலக்கு உண்டு என்றனர். கட்டடத்தில் உறங்குகிறார்களா என்பதல்ல, எதற்காக அங்கே தங்குகிறார்கள் என்பதே கேள்வியாயிற்று. தொலைவூர்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்காகச் சங்கங்கள் கல்விநிலையத்தோடு சேர்த்து நடத்தும் விடுதிகளுக்கு இது பயன்படக்கூடும்.

நம் அனுபவத்தில் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறோம். ஊரும் பேரும் வேண்டா. நம்மவர் ஒரு சங்கம் வைத்து, பத்தும் இருபதுமாகப் பணம் சேர்த்து ஒரு மண்டபம் கட்டினர். கீழே மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, வெள்ளிக்கிழமை பஜனை. மாடியைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டனர். வரி கேட்டு ஓலை வந்தது. விலக்கு வேண்டி விண்ணப்பித்தனர். ஓர் அலுவலகத்திலிருந்து மலையாளத்தில் பதில் வந்தது. பொருளாளர் அதனைத் தமிழாக்க நம்மிடம் கொணர்ந்தார். விண்ணப்பம் ஆராயப்பட்டது, நிராகரிக்கப்படுகிறது. அவ்வளவுதான். நாம் மொழிபெயர்த்த ஆவணங்களிலேயே மிகச் சிறியது அது. பொருளாளர் எழுபதைத் தாண்டியவர். பலசரக்குக் கடையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். "இது போதாதே சார், ஏன் என்று எழுதவில்லையே" என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உயர் நீதிமன்றம் சென்றனர். காரணம் கூறாத ஆணை என்று அது நீக்கப்பட்டது. மீண்டும் விசாரணை நடந்தது. பொருளாளரே வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் வாடகைக் கணக்கையும் எடுத்துச் சென்றார். சில மாதங்கள் கழிந்து இரண்டாவது ஆணை வந்தது. நான்கு பக்கங்கள். இம்முறையும் நிராகரிப்பே. சங்கத்தார் சிலர் வக்கீலுக்குக் கொடுத்த பணம் பாழ் என்றனர். பொருளாளர் ஒன்றும் சொல்லாமல் அந்நான்கு பக்கங்களையும் தமிழாக்கித் தரும்படி கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்துக்கொண்டே நாம் வாசிக்க, அவர் கேட்டார். 'முதன்மையாக' என்ற சொல் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். முதன்மை என்பதை எதைக் கொண்டு அளந்தார்கள், வகுப்பு நடந்த நாட்களைக் கொண்டா, வாடகையாக வந்த பணத்தைக் கொண்டா என்று வினவினார். விடை மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது. திரும்பவும் படித்துக் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அந்தப் பத்தியை மட்டும் தம் குறிப்பேட்டில் எழுதித் தரச் சொன்னார்.